பைகளில் வளர்க்கும் மிளகாய்க்குத் தண்ணீரையும் உரத்தையும் குறைப்பது எப்படி?

கேள்வி (நிபோங் திபால், பினாங்கு, மலேசியா)
அனைவருக்கும் வணக்கம். அரை ஏக்கர் நிலத்தில், தென்னைநார்த் தூள் நிரப்பிய பைகளில், சொட்டுநீருடன் உரம் கலந்து கொடுத்து மிளகாய் பயிரிட்டு வருகிறேன். காய்ப்பில் குறையில்லை, ஆனால் விற்ற பணத்தில் பெரும்பங்கு உரக்கடைக்கே போய்விடுகிறது. வரிசைக் கடைசியில் உள்ள செடிகள் வாடுவதால் டைமரில் நேரத்தைக் கூட்டி வைத்திருக்கிறேன். முன்னால் உள்ள பைகளின் அடியிலோ எப்போதும் ஈரம் தேங்கி நிற்கிறது. விளைச்சல் குறையாமல் செலவை எங்கிருந்து குறைக்கத் தொடங்குவது?

பதில் 1 (புக்கிட் மெர்தாஜாம்)
தம்பி, கடைசிச் செடியின் தாகத்தைத் தீர்ப்பதற்காக எல்லாச் செடிகளுக்கும் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். காசு கொடுத்து வாங்கிய உரம் அப்படியே வழிந்தோடுகிறது. டைமரைத் தொடுவதற்கு முன், ஒவ்வொரு வரிசையின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் உள்ள சொட்டுக்குழாய்களை ஒரே அளவுக் குவளைகளில் விட்டு, ஒரு சுற்று முடிந்ததும் அளந்து பாருங்கள். கடைசிக் குவளைகளில் மட்டும் குறைந்தால் அழுத்தம் போதவில்லை. குழாயின் நீளத்தைக் குறைக்க வேண்டும். ஆங்காங்கே குறைந்தால் அடைப்பு இருக்கிறது. குழாய் முனையைத் திறந்துவிடும்போது வெள்ளைப் படிவு வருமானால், இரு பகுதிகளாக வரும் ஏ உரமும் பி உரமும் அடர் கரைசலாக இருக்கும்போதே கலந்துவிடுகின்றனவா என்று பாருங்கள். ஏ-யில் உள்ள கால்சியம், பி-யில் உள்ள சல்பேட், பாஸ்பேட்டுடன் சேர்ந்தால் கரையாத தூளாகப் படிந்துவிடும். ஒன்றைத் தொட்டி நீரில் முழுவதும் கரைத்த பிறகே மற்றதை ஊற்ற வேண்டும்.

பதில் 2 (கெப்பாளா பத்தாஸ்)
ஐயா சொன்னதைச் சரிசெய்த பின், சில பைகளைத் தட்டின்மேல் வைத்து வடிநீரை அளந்து வாருங்கள். கொடுத்ததில் 10 முதல் 20 விழுக்காடு வடிந்தால் போதுமானது. அதற்கு மேல் வடிந்தால் ஒவ்வொரு தவணையின் அளவையும் குறைத்து, வெயில் ஏறும் நேரத்தில் மட்டும் அடிக்கடி கொடுங்கள். ஆனால் வடிநீரே இல்லாதபடி இறுக்கிவிடக் கூடாது என்பதை வலியுறுத்திச் சொல்கிறேன். பையில் உப்பு தங்கினால் இலை ஓரம் கருகும், காய் நுனி அழுகும், மிச்சம் பிடித்த உரத்தைவிட இழப்பே பெரிதாகும். வடிநீரின் ஈசி அளவு (நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன்), கொடுக்கும் கரைசலின் அளவைவிட மிகவும் உயர்ந்திருந்தால், உரத்தின் அடர்த்தியையே குறைக்கலாம்.

பதில் 3 (சுங்கை பாக்காப்)
மழைக்கூரை போட்டிருந்தால் அந்த நீரையும் தொட்டியில் சேருங்கள். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் வரை கிடைக்கும். பினாங்கின் குடிநீரில் ஏறக்குறைய 80 விழுக்காடு மூடா ஆற்றிலிருந்தே வருவதால், வறட்சி மாதங்களில் இந்தச் சேமிப்பு நம் எல்லோருக்கும் உதவும். வடிநீரை மிளகாய்க்கே திருப்பி விடாதீர்கள், வாடல் நோய் பரவக்கூடும். வேலியோரத்தில் தென்னை இருந்தால் அதற்குப் பாய்ச்சலாம்.