காரின் ‘சிகரெட் லைட்டர்’: ஒரு பெயர் போதாது, இரண்டு வேண்டும்

மடல் 1 – கோயம்புத்தூர்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

பழைய கார் உதிரிபாகச் சொற்பட்டியலில் ‘சிகரெட் லைட்டர்’ என்பதற்கு நேரே ‘வெண்சுருட்டுப் பற்றவைப்பான்’ என்று போட்டிருக்கிறோம். அதை நீக்கிவிட்டு இரண்டு தனிச்சொற்கள் வைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சொல்லின் நீளம் சின்னக் குறைதான். டேஷ்போர்டில் நிலையாக இருக்கும் பகுதியும் கையில் உருவி எடுக்கும் பகுதியும் ஒரே பெயரில் அடைபட்டுக் கிடப்பதுதான் பெரிய குறை. ‘பற்றவைப்பானைச் சுத்தம் செய்க’ என்று ரிப்பேர் குறிப்பில் எழுதினால் எதைச் சுத்தம் செய்வது? ஒன்றை ஃபியூஸ் கழற்றாமல் தொடக்கூடாது. மற்றதை வெளியே எடுத்து மேசைமேல் வைத்து வேலை பார்க்கலாம்.

உருவி எடுக்கும் பகுதியில் ஒரு குமிழ், அதிலிருந்து இறங்கும் தண்டு, தண்டின்மேல் ஸ்பிரிங், நுனியில் ஒரு சிறு உலோகக் கிண்ணம், அதற்குள் நிக்ரோம் என்ற நிக்கல்-குரோமியக் கலப்புலோகப் பட்டையைத் தட்டையாகச் சுற்றிய சுருள். நிலையான பகுதி சுமார் 21 மி.மீ. உள்விட்டமுள்ள உலோகக் குழாய். அதன் அடியில், குழாயோடு ஒட்டாதபடி காப்பிட்ட நடுமுனையில் ஈருலோகக் கவ்விகள் நிற்கும்.

குமிழை அமுக்கினால் கிண்ணத்தின் விளிம்பைக் கவ்விகள் பிடித்துக்கொள்ளும். மின்னோட்டம் நடுமுனையில் தொடங்கி கவ்வி, கிண்ணம், சுருள், தண்டு என்று போய்க் குழாயைத் தொட்டு, காரின் உடலில் சேரும். 12 வோல்ட் காரில் 8 முதல் 10 ஆம்பியர் ஓடும். ஏறத்தாழ 100 வாட். சுருள் சிவக்கும்போது கவ்வியின் இரு உலோகங்களும் வெவ்வேறு அளவில் விரிவதால் கவ்விகள் வெளிப்பக்கம் வளைந்து பிடியை விடும். ஸ்பிரிங் குமிழை ‘டக்’கென்று தள்ளும். பெரும்பாலும் 10 முதல் 20 விநாடி வேலை.

கோளாறுகளும் இந்த இரண்டு பகுதிகளுக்குத் தனித்தனியாகத்தான் வருகின்றன.

அமுக்கியும் நிற்காமல் குமிழ் உடனே திரும்பி வந்தால் கவ்விகள் தளர்ந்துவிட்டன. ஃபியூஸைக் கழற்றி, கூர்மூக்குக் குறட்டால் இரண்டையும் மயிரிழை உள்ளே வளைக்க வேண்டும். கூடுதலாக வளைத்தால் எதிர்க்கோளாறு வரும்: சூடேறியும் விடாது, கிண்ணம் கருகும், பிளாஸ்டிக் குமிழ் இளகும். சரிசெய்தபின் முதல் முறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே அமுக்குங்கள். 30 விநாடியில் வெளியே வராவிட்டால் கையாலேயே இழுத்துவிட வேண்டும். ஒருமுறை சூடான கவ்வி ஆறும்வரை மறுபடி பிடிக்காது. அதைப் பழுது என்று நினைத்துத் திரும்பவும் வளைக்கிறார்கள். ஒரு நிமிடம் பொறுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

குமிழ் நின்றும் சூடேறவில்லை என்றால் முதலில் ஃபியூஸ். குழாய்க்குள் சில்லறைக் காசு விழுந்து நடுமுனையையும் சுவரையும் சேர்த்திருக்கும். அடுத்து நடுமுனையின் களிம்பு. மரக்குச்சியில் நைஸ் உப்புத்தாள் சுற்றித் தேய்த்தால் போதும். அதற்கும் மசியாவிட்டால் சுருள் அறுந்திருக்கிறது. அதை ஒட்டவைக்க முடியாது, மாற்ற வேண்டியதுதான்.

சுருள் மாற்றும்போது வோல்ட் பார்த்து வாங்குங்கள். 6 வோல்ட் சுருளை 12 வோல்ட் காரில் போட்டால் ஓட்டம் இரண்டு மடங்கு, சூடு நான்கு மடங்கு. சில விநாடிகளில் அறுந்துவிடும். 12 வோல்ட் சுருளை 6 வோல்ட் காரில் போட்டால் சூடு கால்பங்குதான். கவ்வி விடுகிற அளவுக்குச் சூடேறாது. குமிழ் உள்ளேயே கிடந்து பேட்டரியைத் தின்னும். அமெரிக்கக் கார்கள் 1950களின் நடுவில்தான் 12 வோல்ட்டுக்கு மாறின, ஃபோர்டு 1956-இல். அதற்கு முந்திய வண்டிகளில் இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது.

வரலாறும் இரண்டு பெயரைத்தான் கேட்கிறது. முற்காலத்தில் சூடேறும் நுனிக்கு வயர் உண்டு. இழுத்துப் பற்றவைத்துவிட்டுத் திரும்ப விட்டால் வயர் உள்ளே சுருண்டுகொள்ளும். 1921-இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வடிவத்தில்தான் வயர் போய், நுனி தனியாகவும் குழாய் தனியாகவும் பிரிந்தன.

கையில் எடுப்பதற்கு ‘கனற்குமிழ்’, நிலையானதற்கு ‘மின்குழி’ என்று முன்வைக்கிறேன். இந்தக் கருவியில் சுவாலையே கிடையாது, கனல் மட்டுமே. பெட்டிக்கடையில் தொங்கும் கயிற்று நெருப்பைப் போலத்தான். அதனால்தான் ‘தீமூட்டி’ பக்கம் நான் போகவில்லை.

மடல் 2 – மதுரை

> கையில் எடுப்பதற்கு ‘கனற்குமிழ்’

ஐயா, பிரிக்க வேண்டும் என்பதில் முழு உடன்பாடு. ‘கனல்’ என்பதிலும் உடன்பாடுதான். ஆனால் புகைப்பழக்கத்தின் சுவடே இல்லாமல் பெயர் வைப்பது சரியா என்று பார்க்க வேண்டும். அந்தக் காலத்துக் காரே புகைப்பவரை மையமாக வைத்து வடிவமைக்கப்பட்டது. 1965-இல் அமெரிக்காவில் வயதுவந்தோரில் சுமார் 42 விழுக்காட்டினர் புகைத்தார்கள். புகைப்பதன் தீங்கைச் சொன்ன அமெரிக்க அரசுத் தலைமை மருத்துவரின் (சர்ஜன் ஜெனரல்) அறிக்கை வெளிவந்தது 1964 ஜனவரி 11-இல்தான். 1957-58-இல் 704 மட்டுமே செய்யப்பட்ட காடிலாக் எல்டொராடோ புரோம் காரின் கையுறைப் பெட்டியில் (டேஷ்போர்டில் உள்ள சிறு பெட்டி) காந்தத்தில் ஒட்டி நிற்கும் உலோகக் குவளைகளும் சிகரெட் பெட்டியும் இருந்தன. வாசனைத் தெளிப்பானும் உண்டு. முன்னால் ஒரு லைட்டர், பின்னால் வேறொன்று, கதவுக் கைப்பிடிகளில் சாம்பல் கிண்ணங்கள் என்று விலையுயர்ந்த கார்களை நிரப்பினார்கள். ‘சிகரெட்’ என்ற சொல்லையே எடுத்துவிட்டால் இந்தப் பொருள் எதற்கு வந்தது என்று அடுத்த தலைமுறைக்குத் தெரியாமல் போகும். ஆகவே விளக்கத்திலாவது ‘சிகரெட், சுருட்டு பற்றவைக்க’ என்பது கட்டாயம் இருக்கட்டும்.

‘மின்குழி’ எனக்கு ஒட்டவில்லை. ‘மின்வாய்’ அழகான சொல். ஆனால் வேதியியல் பாடத்தில் நேர்மின்வாய், எதிர்மின்வாய் என்று அது ஏற்கெனவே வேறு வேலை பார்க்கிறது. ‘செருகுவாய்’ என்றால்? எதை வேண்டுமானாலும் செருகலாம் என்ற பொருளும் வந்துவிடும், இன்றைய சார்ஜருக்கும் பொருந்தும்.

மடல் 3 – யாழ்ப்பாணம்

வணக்கம். கோவை ஐயாவின் விளக்கம் மிகத் தெளிவு. ஆனால் ‘கனற்குமிழ்’ இங்கே நிற்காது. இலங்கையில் குமிழ் என்றால் மின்குமிழ், அதாவது பல்ப். இழை கனன்று ஒளிரும் பழைய பல்பைத்தான் ‘கனற்குமிழ்’ என்று எல்லோரும் வாசிப்பார்கள். ஒரே சொல்லுக்கு இரு கரையிலும் இரு பொருள் வந்தால் உதிரிபாகப் பட்டியலால் பயன் இல்லை.

‘மின்கொள்ளி’ என்று யோசித்தேன். கொள்ளிக்கட்டையில் சுருட்டுப் பற்றவைத்த வழக்கம் நம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கொள்ளி என்றதும் சுடலைதான் நினைவுக்கு வரும், யாரும் வாயில் எடுக்கமாட்டார்கள். ‘கனல்முனை’ என்று வைக்கலாமே. கனல்வது முனை மட்டும்தான் என்றாலும், சினையின் (உறுப்பின்) பெயர் முதலுக்கு (முழுப்பொருளுக்கு) ஆவது நம் இலக்கணத்துக்குப் புதிதல்ல. செருகுவாய் எனக்குச் சம்மதம். இங்கே ‘செருகி, குதை’ என்று படித்தவர்கள் இருப்பதால் குதையையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

சொல்லைத் தாண்டி, இரண்டையும் பிரிக்க வேண்டியதற்கு எங்கள் பக்கத்தில் வலுவான காரணம் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தில் இன்றும் ஓடுகிற ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் போன்ற பிரித்தானியக் கார்களில் பற்றரியின் நேர்முனைதான் உடலோடு இணைந்திருக்கும். எம்ஜிபி போன்ற கார்களில் 1967-68 அளவில்தான் அது எதிர்முனைக்கு மாறியது. மொறிஸ் மைனர் கடைசி வரை மாறவில்லை.

கனல்முனைக்கு இது ஒரு பொருட்டே அல்ல; அது வெறும் தடை, எந்தத் திசையில் ஓடினாலும் சிவக்கும். ஆனால் அதே செருகுவாயில் கைபேசி சார்ஜரைச் செருகினால் கதை வேறு. சார்ஜர் நடுமுனையை நேராகவும் சுற்றுச்சுவரை எதிராகவும் எதிர்பார்க்கிறது. இங்கே தலைகீழ். தலைகீழ் முனைக்குப் பாதுகாப்பு இல்லாத சார்ஜர் அந்த நொடியே போய்விடும்.

சார்ஜர்தான் வேண்டும் என்றால் தனியாக ஒரு செருகுவாய் பூட்டுங்கள். உடலில் தொடாதபடி பிளாஸ்ரிக் பலகையில் பொருத்தி, நடுமுனையிலிருந்து ஒரு வயரைக் கார் உடலுக்கும், சுற்றுச்சுவரிலிருந்து மற்ற வயரைப் பற்றரியின் எதிர்முனைக்கும் கொடுக்க வேண்டும். ஃபியூஸ் எதிர்முனை வயரில், பற்றரிக்குக் கிட்ட. இந்தக் காரில் உயிருள்ள வயர், அதாவது கார் உடலில் பட்டால் ஷார்ட் ஆகும் வயர், அதுதான். 10 ஆம்பியர் ஃபியூஸும் 2.5 சதுர மி.மீ. வயரும் தாராளம். சுற்றுச்சுவர் இப்போது உயிருள்ளது என்பதை மறக்கக் கூடாது: அதன் விளிம்பும் கார் உடலும் ஒரு திருகாணியால் தொட்டுக்கொண்டாலே ஃபியூஸ் போகும். சார்ஜர் கேபிளின் உலோக நுனி கார் உடலில் பட்டாலும் அப்படித்தான், ஏனென்றால் பெரும்பாலான சார்ஜர்களில் யூஎஸ்பியின் வெளிக்கூடு எதிர்முனையோடு நேரடியாகச் சேர்ந்தது. இந்தச் செருகுவாயில் கனல்முனையைப் போடவே கூடாது.

மடல் 4 – சென்னை

செருகுவாயிலும் இரண்டு வகை உண்டு என்பதைச் சேர்க்க வேண்டும். 1990களில் பல அமெரிக்கக் கார்களில் சாம்பல் கிண்ணமும் லைட்டரும் தனியாகக் கேட்டு வாங்கும் பொருள்களாகிவிட்டன. குழாய் மட்டும் மின்சாரம் எடுக்கத் தங்கியது, கவ்விகள் இல்லாமல். அந்த வகையில் கனல்முனையை அமுக்கினால் பிடிக்க ஆள் இல்லை. கையால் அழுத்திப் பிடித்தால் விடுவிக்கவும் ஆள் இல்லை. சூடு ஏறிக்கொண்டே போகும். ‘கவ்விச் செருகுவாய்’, ‘வெறுஞ்செருகுவாய்’ என்று பிரித்து எழுதினால் வாங்குபவர் ஏமாறமாட்டார். டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் போதும்: நடுமுனையைச் சுற்றித் தகட்டுக் கவ்விகள் தெரிந்தால் முதல் வகை.

டயருக்குக் காற்றடிக்கும் பம்பு மாதிரி 10 ஆம்பியரை நெருங்கும் சாமான்களைக் கவ்விச் செருகுவாயில் நெடுநேரம் ஓட்டக்கூடாது. செருகியின் நுனி ஸ்பிரிங் சரியாக அழுந்தாமல் தொடும் இடத்தில் சூடேறும், கவ்வியின் வளைவும் கெட்டுப்போகும்.

பட்டியலின் அடுத்த இரண்டு சொற்களுக்கு வருகிறேன். ‘சாம்பல் கிண்ணம்’ இருக்கட்டும், மாற்றத் தேவையில்லை. அதன் உள்ளே சிகரெட்டை நசுக்கி அணைக்கும் தகட்டுக்கு ‘நசுக்குநாக்கு’ என்று பெயர் வைக்கலாம். பல கார்களில் அந்த நாக்கைக் கீழே அமுக்கியபடி இழுத்தால்தான் கிண்ணம் வெளியே வரும். தெரியாதவர்கள் ஸ்குரூடிரைவரால் நெம்பி முகப்பை உடைக்கிறார்கள். சாம்பல் ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் கழுவாமல் மூடி வைத்த கிண்ணத்தின் அடி துருவேறுவதற்குக் காரணம் அதுதான்.

முன்கதவின் முக்கோணக் கண்ணாடிக்கு ஒருவர் ‘புகைச்சாளரம்’ என்று முன்பு எழுதியிருந்தார். அதை ஏற்க முடியவில்லை. ஜெனரல் மோட்டார்ஸ் 1933 மாடல்களில் தன் உடற்கூடு தயாரிக்கும் பிரிவான ஃபிஷர் பாடி மூலம் அதைக் கொண்டுவந்தபோது நோக்கம் காற்றோட்டம், ஆள்மேல் குளிர்காற்று அடிக்காமல் பார்ப்பது. புகைப்பவர்களுக்கு அது வசதியாக அமைந்தது, அவ்வளவுதான். கண்ணாடியைச் சற்றே திருப்பினால் பின்விளிம்பு வெளியே நீட்டும்; ஓடும் காற்றால் அதன் பின்னே அழுத்தம் குறைந்து, உள்ளிருக்கும் புகை அந்த இடுக்கு வழியே போய்விடும். கதவுக்குச் செங்கோணத்தையும் தாண்டித் திருப்பினால் வெளிக்காற்றை அள்ளி முகத்தில் கொட்டும், சாம்பலும் மடியில் பறக்கும். அம்பாசடரிலும் பத்மினியிலும் பார்த்தவர்களுக்கு இது தெரியும். ‘திருகு கண்ணாடி’ என்பது என் பரிந்துரை. ரப்பர் இறுகி விசில் சத்தம் வருவது, கொக்கி தளர்ந்து வெளியிலிருந்தே திறக்க முடிவது ஆகிய இரண்டும் இதன் வழக்கமான கோளாறுகள்.

மடல் 5 – ஒருங்கிணைப்பிலிருந்து

அனைவருக்கும் நன்றி. மறுப்பு வராத சொற்களைப் பட்டியலில் ஏற்றுகிறோம்.

கனல்முனை: காரில் சிகரெட், சுருட்டு பற்றவைக்க, அமுக்கிச் சூடேற்றி உருவி எடுக்கும் பகுதி.

செருகுவாய் (இலங்கையில் குதை): கனல்முனையோ வேறு செருகியோ பொருந்தும் நிலையான குழாய். கவ்விச் செருகுவாய், வெறுஞ்செருகுவாய் என இரு வகை.

நசுக்குநாக்கும் ஏறுகிறது. ‘திருகு கண்ணாடி’யை நிறுத்திவைக்கிறோம். கைப்பிடியைச் சுற்றி ஏற்றி இறக்கும் கதவுக் கண்ணாடியையும் சிலர் அப்படிச் சொல்வதால் ‘சுழல் கண்ணாடி’யையும் சேர்த்துப் பேசி முடிவெடுக்கலாம்.

யாழ்ப்பாண மடலிலிருந்து இன்னொரு சொல் தேவைப்படுகிறது. பற்றரியின் நேர்முனையை உடலோடு இணைப்பதை ‘நேர் புவியிணைப்பு’ என்று சிலர் எழுதுகிறார்கள். டயரில் நிற்கும் காருக்குப் புவியோடு இணைப்பே இல்லை; வீட்டு எர்த்தோடு குழப்பிக்கொள்ள இடம் தரும். ‘நேர்முனை உடலிணைப்பு’ என்றால் வயர் எங்கே போகிறது என்பது சொல்லிலேயே இருக்கிறது. செருகுவாய்க்குப் பக்கத்தில் ஒட்டும் சீட்டிலும் எழுதலாம்: “நேர்முனை உடலிணைப்பு. சார்ஜர் செருகாதீர்.” கருத்துகளை இதே இழையில் எழுதுங்கள்.