ஜில்லோவின் வீட்டு வியாபாரத்தைக் கவிழ்த்தது மாடலா, முடிவெடுத்தவர்களா?

கணக்குப்பிள்ளை:

பிசினஸ் அனலிட்டிக்ஸ் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் யாராவது ஒருவர் ஜில்லோவை இழுத்துவந்து, "அல்காரிதத்தை நம்பினால் இதுதான் கதி" என்று முடித்துவிடுகிறார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தனி இழையிலேயே பேசிவிடலாம்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: அமெரிக்காவில் வீடு வாங்க விற்க நினைப்பவர்கள் முதலில் எட்டிப்பார்க்கும் தளம் ஜில்லோ. 2006 முதல் ஒவ்வொரு வீட்டுக்கும் கணினி மாடலை வைத்து 'ஜெஸ்டிமேட்' என்று ஒரு மதிப்பைப் போட்டுக் காட்டுகிறது. 2018இல் பீனிக்ஸ் நகரில் தொடங்கி, தானே வீடுகளை ரொக்கத்துக்கு வாங்கி, பழுது பார்த்து, பெயின்ட் அடித்து, சில மாதங்களில் விற்கும் தொழிலில் இறங்கியது. 2021 நவம்பர் 2ஆம் தேதி அதை மூடுவதாக அறிவித்தது. மூன்றாம் காலாண்டுக் கணக்கில் மட்டும் கையிருப்பு வீடுகளின் மதிப்பை 30.4 கோடி டாலர் குறைத்து எழுதினார்கள். ஊழியர்களில் கால்வாசிப் பேருக்கு வேலை போனது.

அந்தக் காலாண்டில் அவர்கள் வாங்கிய வீடுகள் 9,680. விற்றவை 3,032. எத்தனை வாங்குவது, எந்த வேகத்தில் வாங்குவது, எங்கே நிறுத்துவது என்பதையெல்லாம் எந்த மாடலும் தீர்மானிக்கவில்லை. மாடல் சொன்னது ஒரு விலை மதிப்பீடு. அதை வைத்துக்கொண்டு மூன்று மடங்கு சரக்கை ஏற்றியது நிர்வாகம். பழியை அங்கே வையுங்கள்.

மழைக்காலம்:

கணக்குப்பிள்ளை சார், நீங்கள் மாடலையும் முடிவையும் இரண்டாகப் பிரித்துப் பேசுகிறீர்கள். வேறு தொழிலில் அது சரியாக இருக்கலாம். வீடு வாங்கும் தொழிலில் அப்படிப் பிரிக்க முடியாது என்பதே என் கட்சி.

ஒரு சின்னக் கணக்கு போடுவோம். பத்து வீடுகள், ஒவ்வொன்றின் உண்மை மதிப்பும் 3 லட்சம் டாலர். மாடல் ஐந்து வீடுகளுக்கு 20,000 கூடுதலாகவும், ஐந்துக்கு 20,000 குறைவாகவும் சொல்கிறது. சராசரிப் பிழை பூஜ்யம். அனலிட்டிக்ஸ் குழு மகிழ்ச்சியாக அறிக்கை அனுப்பும். இப்போது பத்துப் பேரிடமும் போய் அந்த விலைக்குக் கேளுங்கள். குறைவாகக் கேட்கப்பட்ட ஐந்து பேரும் "வேண்டாம், நான் வெளிச்சந்தையில் விற்றுக்கொள்கிறேன்" என்பார்கள். கூடுதலாகக் கிடைத்த ஐந்து பேர் அன்றைக்கே கையெழுத்துப் போடுவார்கள். ஆக உங்கள் கைக்கு வந்தது ஐந்து வீடு, ஒரு லட்சம் டாலர் நஷ்டம். பிழையே இல்லாத சராசரியை வைத்துக்கொண்டு!

விற்பவருக்குத் தன் வீட்டின் கூரை ஒழுகுகிறதா, பக்கத்து வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று தெரியும். மாடலுக்குத் தெரியாது. விற்பனைக்கு வராத வீடுகளுக்கு ஜெஸ்டிமேட்டின் இடைநிலைப் பிழை அந்த ஆண்டில் சுமார் 7 சதவீதம். அதாவது பாதி வீடுகளுக்குப் பிழை அதைவிட அதிகம். 3 லட்சம் டாலர் வீட்டுக்கு 7 சதவீதம் என்றால் 21,000. ஆனால் ஒரு வீட்டில் லாபமோ நஷ்டமோ 2 சதவீதத்துக்குள், அதாவது 6,000 டாலருக்குள் நிற்க வேண்டும் என்பதே ஜில்லோ தனக்கு வைத்துக்கொண்ட எல்லை. இவ்வளவு பெரிய பிழையோடு இவ்வளவு மெல்லிய லாபத்தில் விளையாடலாம் என்ற எண்ணமே அனலிட்டிக்ஸ் கொடுத்த பொய்யான தைரியம்தான்.

கணக்குப்பிள்ளை:

நல்ல கணக்கு. ஆனால் இது புதிதாகக் கண்டுபிடித்த பள்ளம் இல்லையே. மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் வயல்களுக்கு ஏலம் எடுத்த கம்பெனிகள் ஏன் எதிர்பார்த்த லாபம் பார்க்கவில்லை என்று அட்லாண்டிக் ரிச்ஃபீல்ட் நிறுவனத்தின் மூன்று பொறியாளர்கள் 1971இலேயே எழுதிவிட்டார்கள். யார் மிக அதிகமாக மதிப்பிட்டுத் தவறினாரோ அவரே ஏலத்தில் ஜெயிக்கிறார் என்பது அவர்கள் சொன்ன காரணம். மருந்தையும் சொன்னார்கள்: மதிப்பீட்டில் நிச்சயமின்மை எவ்வளவு கூடுதலோ, போட்டியாளர்கள் எவ்வளவு அதிகமோ, அந்த அளவுக்குக் கேட்கும் விலையைக் குறை.

அப்புறம், 7 சதவீதம் என்பது தளத்தில் காட்டும் எண்ணுக்கான பிழை. 2021 பிப்ரவரி முதல் சில நகரங்களில் அதையே முதல் விலையாகக் காட்டினார்கள், உண்மை. ஆனால் ஆள் போய் வீட்டைப் பார்த்த பிறகுதான் இறுதி விலை. கூரை ஒழுகுவது அப்போது தெரிந்துவிடும்.

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் வேறு. அதே ஆண்டு இரண்டாம் காலாண்டில் ஜில்லோவுக்கு வீட்டுக்கு 5 சதவீதத்துக்கு மேல் லாபம் வந்தது. தாங்களே வைத்த 2 சதவீத எல்லையைத் தாண்டிய லாபம். விலையேற்றம் எதிர்பார்த்ததைவிட வேகமாக இருந்ததால் வந்த அதிர்ஷ்டம் அது. அதற்குப் பிறகு, போதுமான வீடுகள் கிடைக்கவில்லையே என்று கொடுக்கும் விலையை ஏற்றினார்கள் என்று அப்போதே பத்திரிகைகளில் வந்தது. நான்காம் காலாண்டில் 5 முதல் 7 சதவீதம் நஷ்டம் வரும் என்று எதிர்பார்க்கும் நிலைக்கு வந்து நின்றார்கள். உங்கள் பத்து வீட்டுக் கணக்கில் நீங்கள் சொல்லும் தேர்வுப் பிழை, அதாவது கூடுதலாக மதிப்பிட்ட வீடுகளே கையில் வந்து சேர்வது, இரண்டாம் காலாண்டிலும் இருந்ததுதானே? அப்போது ஏன் லாபம்?

மழைக்காலம்:

சந்தை ஏறிக்கொண்டிருந்தபோது எல்லாப் பிழையும் லாபத்தில் மறைந்துவிட்டது. 3 லட்சத்துக்கு 20,000 அதிகம் கொடுத்து வாங்கிய வீடு, விற்கும் நேரத்தில் 3 லட்சத்து 40 ஆயிரம் ஆகியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? ஏற்றம் மந்தமானதும் பிழை வெளியே தெரிந்தது. பழைய காலாண்டின் லாபத்தை மாடலின் திறமைக்குச் சான்றாகக் காட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம், நிர்வாகம் தெரிந்தே விலையை ஏற்றியது என்கிறீர்கள். நிறுவனம் சொன்ன காரணம் வேறு. பிற்பாடு விற்கக்கூடிய விலையைவிட அதிகம் கொடுத்து, உத்தேசிக்காமலே வாங்கிவிட்டோம் என்பதுதான் அவர்கள் சொன்னது. வீட்டு விலையைக் கணிப்பதில் உள்ள நிச்சயமின்மை தாங்கள் நினைத்ததைவிட மிகப் பெரிது என்று தலைமை அதிகாரி ரிச் பார்ட்டனே ஒப்புக்கொண்டார்.

வைகை:

இடையில் வருகிறேன். நான் ஒரு மசாலாப் பொருள் கம்பெனியில் டிமாண்ட் பிளானிங் பார்க்கிறேன். மாதாமாதம் சிஸ்டம் ஒரு கணிப்பு தரும். கூட்டத்தில் சேல்ஸ் ஆட்கள் அதைத் திருத்துவார்கள். திருத்தம் பெரும்பாலும் மேல்நோக்கியே இருக்கும். "பொங்கல் வருது, பத்து சதவீதம் கூட்டுங்க" என்பார்கள். சிஸ்டம் போன பொங்கலையும் அதற்கு முந்தைய பொங்கலையும் ஏற்கெனவே கணக்கில் எடுத்திருக்கும். அதைச் சொன்னாலும் காதில் விழாது.

பிரிட்டனில் ராபர்ட் ஃபில்ட்ஸ், பால் குட்வின் குழுவினர் நான்கு நிறுவனங்களில் அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட கணிப்புகளை எடுத்து இதையே ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். சின்னச் சின்னத் திருத்தங்களால் பயனில்லை, பல சமயம் கெடுதல்தான். பெரிய திருத்தங்கள் சராசரியாகக் கணிப்பை மேம்படுத்தின. கீழ்நோக்கித் திருத்தியவை நன்றாகப் பலித்தன, மேல்நோக்கித் திருத்தியவை அந்த அளவுக்குப் பலிக்கவில்லை. காரணம் புரிகிறது: ஒரு பெரிய கடை ஆர்டரை நிறுத்தப்போகிறது என்று கையில் தகவல் இருந்தால்தான் ஒருவர் துணிந்து எண்ணைக் குறைப்பார். ஏற்றுவதற்கு ஆசை மட்டும் போதும்.

இரண்டு பேருக்கும் ஒரு கேள்வி. 2021 கோடையில் ஜில்லோவில் கொடுக்கும் விலையை ஏற்றியது தகவலா, ஆசையா? மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் மாதம் 5,000 வீடு, ஆண்டுக்கு 2,000 கோடி டாலர் வருமானம் என்று 2019இலேயே பகிரங்கமாக இலக்கு அறிவித்திருந்தார்கள். அப்படி ஓர் இலக்கு தலைக்கு மேலே தொங்கும்போது எந்த அனலிஸ்ட் "கொஞ்சம் குறைத்து வாங்குவோம்" என்பார்?

கணக்குப்பிள்ளை:

வைகை, நான் இவ்வளவு நேரம் சொல்ல முயன்றதும் இதுதான். இலக்கு முதலில் வந்தது, விலை அதற்குப் பின்னால் ஓடியது.

மழைக்காலம்:

வைகை காட்டிய ஆய்வை மதிக்கிறேன். ஆனால் மசாலாவுக்கும் வீட்டுக்கும் ஒரு முக்கிய வித்தியாசம் இருக்கிறது. நீங்கள் தப்பாகக் கணித்தால் அடுத்த மாதமே தெரிந்துவிடும். பன்னிரண்டு மாதத்தில் பன்னிரண்டு பாடம். 2009இல் உளவியலாளர்கள் டேனியல் கானமனும் கேரி கிளைனும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினார்கள். உள்ளுணர்வை நம்பலாம் என்பவர் கிளைன், கூடாது என்பவர் கானமன், நேர் எதிர்க்கட்சி. இருவரும் ஒத்துப்போன இடம் இது: சூழல் ஒழுங்கோடு இருக்க வேண்டும், செய்ததன் விளைவு தெளிவாகவும் சீக்கிரமாகவும் திரும்பி வர வேண்டும். இரண்டும் இருந்தால்தான் அனுபவத்தால் வந்த தீர்ப்புக்கு மதிப்பு. மாடலுக்கும் அதே நிபந்தனையைத்தான் நான் போடுகிறேன். கொரோனாவுக்குப் பிந்தைய அமெரிக்க வீட்டுச் சந்தையில் ஒழுங்கும் இல்லை, விளைவும் மாதக்கணக்கில் தாமதமாகத்தான் வந்தது. அங்கே நிகழ்தகவு போட்டுப் பார்க்கக்கூடிய இடர் குறைவு. எண்ணே போட முடியாத நிச்சயமின்மைதான் அதிகம். பொருளியலாளர் ஃபிராங்க் நைட் 1921இல் பிரித்துக் காட்டிய இரண்டாவது வகை அது.

கோடைமலை:

ஓப்பன்டோர் நிறுவனத்தை யாரும் பேசவில்லையே? அதே தொழில், அதே 2021, அவர்கள் மூடவில்லை. இது கணக்குப்பிள்ளைக்குச் சாதகம். ஆனால் 2022இல் வீட்டுக் கடன் வட்டி 3 சதவீதச் சொச்சத்திலிருந்து 7 வரை ஏறியதும் மூன்றாம் காலாண்டில் மட்டும் 92.8 கோடி டாலர் நஷ்டம், அந்த ஆண்டு முழுக்க சுமார் 140 கோடி. இது மழைக்காலத்துக்குச் சாதகம்.

கணக்குப்பிள்ளை:

வட்டி ஒரே ஆண்டில் இரட்டிப்புக்கு மேல் ஆனதை எந்த மாடலாலும் கண்டிருக்க முடியாது, ஒத்துக்கொள்ளலாம். ஆனால் நிச்சயமின்மை அதிகம் என்று தெரிந்தால் செய்ய வேண்டியது என்ன? கையிருப்பைக் குறைவாக வைப்பது. மழைக்காலம் சொல்லும் நைட் என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறார்.

விளைவு தாமதமாக வருவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். எம்.ஐ.டி.யில் விளையாடும் பீர் விளையாட்டை (கடை முதல் ஆலை வரை ஒவ்வொருவரும் பீருக்கு ஆர்டர் போடும் பயிற்சி) வைத்து ஜான் ஸ்டெர்மன் 1989இல் காட்டிய விஷயம்: ஆர்டர் போட்டாயிற்று, சரக்கு இன்னும் வழியில் இருக்கிறது என்பதை ஆட்கள் மறந்துவிடுகிறார்கள். கண்முன்னே சரக்கு இல்லையே என்று மீண்டும் ஆர்டர் போடுகிறார்கள். பிறகு எல்லாம் ஒன்றாக வந்து குவிகிறது. ஜில்லோவுக்கு வழியில் இருந்த சரக்கு, ஒப்பந்தம் போட்டு இன்னும் கைக்கு வராத வீடுகள். வேலையாள் தட்டுப்பாட்டால் பழுது பார்க்கும் வேலை தேங்கி, அக்டோபர் நடுவில் புதிய ஒப்பந்தங்களை நிறுத்தினார்கள். அதற்குள் போட்ட ஒப்பந்தங்கள் ஆயிரக்கணக்கில். ஒரு வீடு ஒரு மாதம் கூடுதலாகக் கையில் நின்றால் விலை மாறும் அபாயமும் ஒரு மாதம் கூடுகிறது. எத்தனை பெயின்டர்கள் இருக்கிறார்கள், வாரத்துக்கு எத்தனை வீடு முடியும் என்று எண்ணிப் பார்க்க நியூரல் நெட்வொர்க் வேண்டாம்.

வைகை:

இந்த இடத்தில் கணக்குப்பிள்ளை பக்கம் சாய்கிறேன். ஆனாலும் ஒரு பயம். ஜில்லோ கதையைக் கேட்டவர்கள் மாடலையே தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். டீட்வோர்ஸ்ட் என்பவரும் இரு சகாக்களும் 2015இல் சோதனை செய்து காட்டினார்கள்: மாடல் ஒருமுறை தவறுவதைப் பார்த்தால் அதன்மேல் உள்ள நம்பிக்கை சீக்கிரம் போய்விடுகிறது, மனிதர் அதே தவறைச் செய்தால் அவ்வளவு போவதில்லை. மனிதரைவிட மாடலே நன்றாகக் கணித்ததைக் கண்ணால் பார்த்தவர்களும் அதைக் கைவிட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் இதை நான் தினமும் பார்க்கிறேன், அதனால்தான் இந்த இழை எனக்கு முக்கியம்.

கணக்குப்பிள்ளை:

சரி, மழைக்காலம் சொல்லும் தேர்வுப் பிழை பெரிதா, நான் சொல்லும் வேகம் பெரிதா என்று சோதித்தே பார்க்க வழி இருக்கிறது. விலை கேட்டு, 'வேண்டாம்' என்று சொன்ன உரிமையாளர்கள் பிறகு வெளியே என்ன விலைக்கு விற்றார்கள் என்று பாருங்கள். வாங்கிய வீடுகளில் மாடல் அதிகமாகவும், நழுவிய வீடுகளில் குறைவாகவும் சொல்லியிருந்தால் அவர் சொல்வதுதான் சரி. இரண்டிலும் ஒரே மாதிரி அதிகமாகச் சொல்லியிருந்தால், சந்தை திரும்பியதைக் கவனிக்காமல் வாங்கிக் குவித்ததுதான் காரணம். இந்தத் தரவு வாரா வாரம் நிர்வாகத்தின் மேசைக்கு வந்திருக்க வேண்டும்.

மழைக்காலம்:

சோதனை சரியான சோதனை, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வாரா வாரம் எப்படி வரும்? மறுத்த உரிமையாளர் வீட்டைச் சந்தையில் போட்டு, ஆள் கிடைத்து, கடன் வாங்கிக் கையெழுத்தாக மாதங்கள் ஆகும். சிலர் விற்கவே மாட்டார்கள். டல்லஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் எல்லாம் ஜில்லோ வாங்கிய நகரங்கள். டெக்சாஸ் மாநிலத்தில் விற்ற விலையை அரசிடம் தெரிவிக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை, தரகர்களின் பட்டியலுக்குள் போய்த்தான் தேட வேண்டும். ஜூலையில் மறுத்தவரின் விலை அக்டோபரில் உங்கள் மேசைக்கு வரும். அந்த இடைவெளியில்தான் 9,680 வீடுகளும் வாங்கப்பட்டன.

கணக்குப்பிள்ளை:

அப்படியானால் அக்டோபர் வரும்வரை 3,000 மட்டும் வாங்கியிருக்க வேண்டும்.