தமிழ்வழியில் படித்தவள் ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதிய அனுபவம்

பிளஸ் டூ வரை அரசுப் பள்ளி, தமிழ்வழி. பி.எஸ்சி. தாவரவியலும் அரசு கலைக் கல்லூரியில் தமிழ்வழிதான். எம்.எஸ்சி.க்குப் பல்கலைக்கழகம் போனதும் எல்லாமே ஆங்கிலமாகிவிட்டது. என்னைப் போல வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்வார்கள். நானும் சேர்ந்தேன். பேசுவதில் இருந்த கூச்சம் போனது, அது நல்லதுதான். ஆனால் ஆய்வுக் கட்டுரை படிக்க அது உதவவில்லை. பட்டப்படிப்பின் பார்ட் டூ இங்கிலீஷில் உரைநடை, செய்யுள், கடிதம் எல்லாம் இருந்தன. ஒரு ஆய்வுக் கட்டுரையை எப்படிப் படிப்பது என்று மட்டும் யாரும் சொல்லித் தரவில்லை. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு.

என் புராஜெக்ட் பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டு மரங்களைப் பற்றியது. கைடு மேடம் ஒரு கட்டு ஜெராக்ஸைக் கையில் கொடுத்தார். அகராதியோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தேன். சொல்லுக்குச் சொல் பொருள் தெரிந்தது, ஆனால் பத்தி என்ன சொல்ல வருகிறது என்பது பிடிபடவில்லை. மேடத்திடம் போய்க் கேட்டேன்.

"எந்த வார்த்தை புரியலைன்னு தேடாதம்மா. முன்னுரையில 'ஹவெவர்' எங்க வருதுன்னு மட்டும் பாரு" என்றார்.

பார்த்தேன். அந்த இடத்துக்கு மேலே இருந்ததெல்லாம் ஏற்கெனவே மற்றவர்கள் கண்டுபிடித்தவை. அங்கிருந்து இன்னும் தெரியாதது என்ன என்ற பேச்சு. கடைசிப் பத்தியில், அதைத்தான் நாங்கள் ஆராய்ந்தோம் என்ற அறிவிப்பு. அடுத்த கட்டுரையை எடுத்தேன், அதிலும் இதே வரிசை. சிலவற்றில் 'ஹவெவர்' இல்லை, அந்த வேலையை வேறொரு வாக்கியம் செய்தது. ஜான் ஸ்வேல்ஸ் என்ற மொழியியலாளர் 1990-இலேயே இதை மூன்று நகர்வுகளாக வகுத்திருக்கிறார் என்பது பின்னால்தான் தெரிந்தது. களத்தைக் காட்டு, அதிலுள்ள இடைவெளியைக் காட்டு, அங்கே உன் ஆய்வை வை. வீட்டின் வரைபடம் கையில் கிடைத்த மாதிரி ஆனது. அதன்பின் முதலில் சுருக்கம், அப்புறம் படங்களும் அட்டவணைகளும், அதற்குப் பிறகுதான் மற்றது என்று படிக்கப் பழகினேன்.

சொற்களுக்கு அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியல் உதவியது. எல்லாத் துறைக் கட்டுரைகளிலும் திரும்பத் திரும்ப வரும் 570 சொற்குடும்பங்கள் அதில் இருக்கின்றன. அதை மனப்பாடம் செய்யச் சொல்ல மாட்டேன். உங்கள் துறைக் கட்டுரை ஒன்றில் அவை வரும் இடங்களைப் பென்சிலால் கோடிட்டுப் பாருங்கள், எந்தச் சொல் எதோடு சேர்ந்து வருகிறது என்பது தானே பதியும்.

எழுதுவதுதான் உண்மையான சிரமம். நம் ஆங்கிலம் சரியில்லை என்ற பயத்தில் பலரும் மூலக் கட்டுரையின் வாக்கியத்தை எடுத்து நாலு சொல்லை மட்டும் மாற்றி எழுதுகிறார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யூஜிசி) 2018 விதிகளின்படி, பிறர் எழுத்தோடு உள்ள ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டினால் ஆய்வேட்டைத் திருத்தித் தர வேண்டிவரும். இதற்கு மேடம் சொன்ன வழி எனக்கு நன்றாகவே கைகொடுத்தது. ஒரு பத்தியைப் படி, தாளை மூடு, அதைத் தமிழில் எழுது, அந்தத் தமிழைப் பார்த்து ஆங்கிலத்தில் எழுது. சுரபுன்னைக் காட்டின் இரண்டு மர வகைகளைப் பற்றி என் நோட்டில் இப்படி இருக்கிறது: "அவிசெனியா உப்பை இலைச் சுரப்பிகள் வழியே வெளியே தள்ளுது. ரைசோபோராவுக்கு அந்தச் சுரப்பி இல்லை, வேரிலேயே பெரும்பகுதியைத் தடுத்துடுது." இதிலிருந்து நான் எழுதிய ஆங்கில வாக்கியங்கள் குட்டையாக இருந்தன. ஆனால் மூலத்தின் சாயல் துளியும் இல்லை, விஷயமும் தெளிவாக இருந்தது. தமிழில் எழுத முடியவில்லை என்றால் அந்தப் பத்தி இன்னும் புரியவில்லை என்று தெரிந்துகொள்வேன்.

ஆய்வேட்டைத் தொடங்குகிறவர்கள் முன்னுரையிலிருந்து தொடங்க வேண்டாம். செய்முறைப் பகுதியை முதலில் எழுதுங்கள். எங்கே இலை பறித்தோம், எப்படி உலர்த்தினோம், எதை அளந்தோம் என்று நம் கையால் செய்த வேலை அது. வாக்கிய அமைப்பும் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். அது முடிந்தால் முடிவுகள், அப்புறம் விவாதம், முன்னுரை கடைசியில்.

இப்போது எங்கள் துறையில் ஜூனியர்களோடு சனிக்கிழமை மதியம் உட்கார்ந்து ஒரு கட்டுரையின் முன்னுரையை மட்டும் பிரித்துப் பார்க்கிறோம். ஆங்கிலவழியில் படித்துவிட்டு வந்தவர்களும் வருகிறார்கள். சரளமாகப் பேசும் அவர்களுக்கும் அந்த இடைவெளி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க எங்கள் அளவுக்கே நேரம் ஆகிறது.