தீயணைப்புத் துறைக்குப் போனவர்கள், போக முயன்றவர்கள்: மறக்க முடியாத ஒரு நாளைச் சொல்லுங்கள்

தேனி ஓட்டக்காரன்:
தினமும் காலையில் 1500 மீட்டரை 6 நிமிடத்துக்குள் ஓடிக்கொண்டிருந்தேன். தேர்வுக்கு 7 நிமிடம் போதும். ஆனால் ஓடவே விடவில்லை. உயரம் சரி, மார்பளவு 82, மூச்சை இழுத்தால் 5 செ.மீ. விரிய வேண்டும். இழுத்தேன், நாலரைதான் வந்தது. கம்பிவேலிக்கு வெளியே நின்று, என்னோடு பஸ்ஸில் வந்த பையன்கள் ஓடுவதைப் பார்த்தேன். அந்த அரை சென்டிமீட்டர் இன்னும் தூங்க விடுவதில்லை.

கிணற்றடி:
பணியில் 11 வருடம். தீயணைப்பு என்று பெயர், எங்களுக்கு வரும் அழைப்பில் பாதி பாம்பும் கிணற்றில் விழுந்த மாடும்தான். நான் மறக்காதது ஒரு கிணறு. எழுபது அடி, அடியில் டீசல் மோட்டார். அதை ஓட்டிப் பார்க்க இறங்கிய அண்ணன் மயங்கிவிட்டார், தூக்கப் போன தம்பியும் மேலே வரவில்லை. நான் பி.ஏ. செட்டை, அதாவது காற்று உருளையோடு வரும் மூச்சுக் கருவியை, மாட்டிக்கொண்டிருக்கிறேன், அவர்களுடைய அம்மா என் சட்டையைப் பிடித்து, "இறங்குய்யா, ஏன்யா நிக்கிற" என்று கதறுகிறார். மாட்டி முடிக்க ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது. தம்பியை உயிரோடு எடுத்தோம். அண்ணனை எடுக்க முடியவில்லை. அந்தக் கை இன்னும் சட்டையில் இருப்பது போலவே இருக்கிறது.

வயல்காட்டான்:
இதற்கெல்லாம் செட் எதற்கு? எங்கள் ஊரில் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்குவோம். எரிந்தால் இறங்கலாம். என் மாமா நாற்பது வருடம் அப்படித்தான் கிணறு இறங்கினார்.

பழைய முன்னணி:
வயல்காட்டான் தம்பி, இந்த யோசனையை இங்கே எழுதாதீர்கள், யாராவது நம்பி இறங்கிவிடுவார்கள். ஆக்சிஜன் நன்றாகக் குறைந்தால்தான் விளக்கு அணையும். டீசல் எஞ்சின் விடுவது கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. விளக்கு பாட்டுக்கு எரியும், ஆள் விழுந்துகிடப்பான். எரிகிற வாயு ஏதாவது தேங்கியிருந்தால் அந்த விளக்கே பற்றவைத்துவிடும். முதல் ஆள் விழுந்ததும் இரண்டாவது ஆள் இறங்கக் கூடாது, 101 அடியுங்கள். நான் சேர்ந்த புதிதில் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கி, பாதியிலேயே கால் துவண்டு போனது. மேலே இருந்தவர்கள் கயிற்றை இழுத்ததால் பிழைத்தேன். ஈரத்துணி புகையின் கரியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது.

தேனித் தம்பிக்கு: நீச்சல் பழகுங்கள், நெஞ்சுக்கூடு விரியும். தமிழ்த் தகுதித் தேர்வை லேசாக நினைக்காதீர்கள். அதில் 40 சதவீதம் வராவிட்டால் முதன்மைத் தாளைத் திருத்தவே மாட்டார்கள். கயிறு ஏற உள்ளங்கை காய்ப்பேற வேண்டும், அதை ஒரு வாரத்தில் கொண்டுவர முடியாது. போலீஸ், சிறை, தீயணைப்பு மூன்றுக்கும் ஒரே தேர்வு என்பதால் கிடைத்ததைப் பிடிப்போம் என்று வருகிறவர்கள் உண்டு. அப்படி வந்து, அப்புறம் இந்த வேலையை விட மனமில்லாமல் போனவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மதுரைப் பக்கத்து வீடு:
என் வீட்டுக்காரர் இந்தத் துறைதான். தீபாவளிக்கு லீவே கிடையாது. 2020 தீபாவளியன்று மதுரையில் ஜவுளிக்கடைத் தீயில் கட்டடம் இடிந்து இரண்டு வீரர்கள் இறந்தார்கள். டிவியில் பெயர் சொல்வதற்கு முன்னால் அவருக்கு இருபது தடவை போன் செய்தேன். எடுக்கவில்லை. அவர் வேறு நிலையம் என்று தெரியும், இருந்தாலும் கை நிற்கவில்லை. வீட்டுக்கு வந்தவர் ஷூவைக் கழற்றாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தார். இட்லி ஆறிப்போனது. சாயங்காலம் மறுபடி டூட்டிக்குக் கிளம்பினார், நானும் தடுக்கவில்லை.

தேனித் தம்பி, அடுத்த தேர்வுக்கு உங்களுக்கு வயது இருக்கிறதா?