மறு: தீவனத்து நஞ்சு பாலுக்கு வருவது: "கேரி ஓவர்" என்பதற்கு என்ன சொல்?

அனைவருக்கும் வணக்கம்.

நான் கேட்டது ஒரு சொல். வந்திருப்பவை பதினொரு மடல்கள். மழைக்காலம் என்பதால் ஆய்வகத்தில் புண்ணாக்கு மாதிரிகள் குவிந்துவிட்டன, உடனே பதில் எழுத முடியவில்லை. மன்னிக்கவும்.

> இதற்கு எதற்குப் புதுச்சொல்? "பாலில் கலப்படம்" என்றால் எல்லாருக்கும் புரியுமே.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். கலப்படம் என்றால் ஒருவர் வேண்டுமென்றே கலந்தார் என்று பொருள். நாடு முழுவதும் 2018இல் பால் மாதிரிகள் எடுத்து ஆய்ந்ததில், மொத்தம் 6,432 மாதிரிகளில் கலப்படம் என்று தேறியவை வெறும் 12. தீவனத்துப் பூஞ்சை நஞ்சு பாலில் வரும் வடிவமான அஃப்ளாடாக்சின் எம்1 வரம்பு மீறி இருந்தவையோ 368. அதில் எண்ணிக்கையில் நம் தமிழ்நாடுதான் முதலிடம்: 551இல் 88. பால்காரர் கலக்கவில்லை, பண்ணைக்காரர் கலக்கவில்லை. மாடு தின்ற தீவனத்தில் பூஞ்சை இருந்தது, அவ்வளவுதான். அதைக் கலப்படம் என்று எழுதினால் பழி கறந்தவர் தலையில் விழுகிறது, புண்ணாக்கு மூட்டையை ஈரத்தில் அடுக்கியவர் தப்பித்துவிடுகிறார். கலப்படம், மாசு, எச்சம் மூன்றும் வேறு வேறு. மருந்து போட்டபின் மிஞ்சுவது எச்சம். யாரும் போடாமல் வந்து சேர்வது மாசு. இதில் எனக்குச் சண்டை இல்லை, மேலே போகலாம்.

எனக்கு வேண்டியது நகர்வைக் குறிக்கும் சொல். தீவனத்தில் இருந்தது பாலுக்கோ முட்டைக்கோ கறிக்கோ வந்து சேர்கிறதே, அந்த வருகை. நான் முதலில் முன்வைத்தது "நச்சிறக்கம்". அது நானாக யோசித்தது இல்லை. மாதிரி கொண்டுவந்த ஒரு விவசாயி கேட்டார்: "இந்தப் புண்ணாக்கப் போட்டா பால்ல எறங்கீருமுங்களா?" பிள்ளை பெற்றவளிடம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதும் இதுதானே, "பார்த்துச் சாப்பிடு, பால்ல இறங்கும்" என்று. இத்தனை பொருத்தமான வினை கையில் இருக்க வேறு எங்கே தேடுவது என்று நினைத்தேன்.

> அம்மா, பாம்பு கடித்தவனுக்கு "நஞ்சு இறங்கிவிட்டது" என்றால் பிழைத்துக்கொண்டான் என்று பொருள். நச்சிறக்கம் என்று அறிக்கையில் எழுதினால், தீவனத்தில் இருந்த நஞ்சு நீங்கிவிட்டது என்று எவரும் படிப்பார்.

ஐயா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஆய்வகத்தில் தனியாகச் சிரித்தேன். தோற்றேன். பால் இறங்குவது என்றால் மாடு சுரப்பு விடுவது என்றும் ஒரு பொருள் இருப்பதை நானே மறந்துவிட்டேன், கால்நடை மருத்துவம் படித்தவள் மறக்கலாமா! நச்சிறக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

> அப்படியானால் எதிர்ப்பதமாக "நச்சேற்றம்" என்றே வைக்கலாமே.

வேண்டாம். ஏற்றம் என்றால் கூடுவது. இங்கே நடப்பது குறைவது. மாடு தின்ற பி1இல் (தீவனத்தில் இருக்கும் அஃப்ளாடாக்சின்) நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்குதான் எம்1 ஆகப் பாலுக்கு வரும், நிறையக் கறக்கும் மாட்டில் ஆறு வரை போகலாம். ஏரி மீனில் பாதரசம் கூடிக்கொண்டே போவதற்கு ஏற்றம் என்ற சொல் தேவைப்படும், அதை இங்கே செலவழிக்க வேண்டாம்.

> எடுத்துச்செல்கை?

அப்படியே பெயர்த்தது தெரிகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், இங்கே யாரும் எதையும் எடுத்துச் செல்வதில்லை. உள்ளே போவது பி1. ஈரலில் அது உருமாறுகிறது. வெளியே வருவது எம்1, அந்த எம் பாலைக் குறிக்கும் ஆங்கில எழுத்து. (பி என்பது நீலம், ஜி என்பது பச்சை. புற ஊதா ஒளியில் மின்னும் நிறத்தை வைத்துப் பெயர். 1960இல் இங்கிலாந்தில் வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கு மேல் செத்து, காரணம் கடலைப் புண்ணாக்கு என்று கண்டுபிடித்த கதையிலிருந்து வந்தவை. இந்தப் பெயர்களைத் தமிழாக்க வேண்டாம் என்பது என் கட்சி.) ஆனால் டயாக்சின் என்ற நச்சு வேதிப்பொருள் அப்படி இல்லை. 1999இல் பெல்ஜியத்தில் தீவனக் கொழுப்போடு மின்மாற்றி எண்ணெய் கலந்துபோனபோது, உள்ளே போன அதே பொருள்தான் கோழிக் கொழுப்பிலும் முட்டையிலும் வந்தது. இரண்டு அமைச்சர்கள் பதவி விலக வேண்டியதாயிற்று. உருமாறி வருவதையும் உருமாறாமல் வருவதையும் ஒரே சொல் தாங்க வேண்டும்.

"கடத்தம்" என்று இருவர் எழுதியிருந்தீர்கள். கடத்த ஒருவர் வேண்டும். தவிர, "பாலில் நச்சுக் கடத்தல்" என்று நாளேடு திருத்திப் போட்டால் காவல்துறை வந்துவிடும்.

ஆகவே என் இரண்டாவது முன்மொழிவு: கடப்பு. தானே கடந்து வருவது. உடல் என்ற ஆற்றைத் தாண்டி இக்கரையிலிருந்து அக்கரைக்கு. படகு மாறினாலும் மாறாவிட்டாலும் கடந்தது கடந்ததுதான். பயன்படுத்திப் பார்க்கிறேன்:

"ஒரு மாடு நாளைக்கு 5 கிலோ கலப்புத் தீவனம் தின்கிறது. கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் பி1. உள்ளே போவது 100. கடப்பு வீதம் 2 விழுக்காடு என்றால் பாலில் 2 மைக்ரோகிராம். பத்து லிட்டர் கறந்தால் லிட்டருக்கு 0.2."

நம் நாட்டு வரம்பு 0.5, எனவே தேறிவிடும். ஐரோப்பிய வரம்பு 0.05, அங்கே தேறாது. அதே மாட்டுக்கு 60 உள்ள தீவனம் வைத்தால் 0.6, இங்கேயும் தேறாது. இந்தக் கணக்கை விவசாயியிடம் சொல்லத்தான் எனக்குச் சொல் வேண்டும். பாலைக் காய்ச்சினால் போய்விடும் என்று அவர் நம்புகிறார். போகாது. தீவனத்தை மாற்றினால் மூன்று நான்கு நாளில் பாலிலிருந்து போய்விடும். இது அவருக்குத் தெரிந்தால் போதும்.

"கடவு" என்பதும் மனத்தில் வந்தது, கடவுச்சீட்டு இருப்பதால் பழகிய சொல். ஆனால் கடவு வழியைக் குறிக்கிறது, எனக்குச் செயல் வேண்டும். உங்கள் கருத்து?

---

அம்மா,

கடப்பு எனக்குச் சம்மதம். கடப்பாடு, கடப்பாரை என்று பக்கத்தில் வேறு உறவுகள் இருந்தாலும் குழப்பம் வராது. "நச்சுக் கடப்பு" என்று முதல்முறை எழுதிவிட்டு, பிறகு கடப்பு என்று மட்டும் எழுதுங்கள்.

ஒரு வேண்டுகோள். துண்டறிக்கையில் இதைப் போடாதீர்கள். அங்கே அந்த விவசாயி சொன்னபடி "பாலில் இறங்கும்" என்றே இருக்கட்டும். வினையாக இருக்கும்வரை பாம்புக்கடி குறுக்கே வராது. அதைப் பெயராக்கி நஞ்சோடு ஒட்டியபோதுதான் வம்பு வந்தது.

---

ஐயா, அப்படியே செய்கிறேன். அறிக்கைக்குக் கடப்பு, துண்டறிக்கைக்கு இறங்கும்.

அடுத்த தலைவலி: தீவனத்தில் கலக்கும் டாக்ஸின் பைண்டர். "நச்சுப்பிணைப்பி" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பல பாக்கெட்டுகளில் இருப்பது ஒருவகைக் களிமண் தூள்தான். நஞ்சைக் குடலிலேயே பிடித்து வைத்துக்கொண்டு சாணத்தோடு போகிறது. பிணைப்பதைவிடப் பிடிப்பது பொருத்தமாகத் தெரிகிறது. "நச்சுப்பிடிப்பான்" என்றால் பாம்பு பிடிப்பவர் நினைவுக்கு வருவாரா?