சைக்ளோஹெக்ஸிமைடு சேஸ்: சி-மிக் சீக்கிரமே காணாமல் போகிறது

கேள்வி: ஒரு புரதம் எவ்வளவு வேகமாகச் சிதைகிறது என்று பார்க்க (இதுதான் சேஸ்), ஹீலா செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய் செல்கள்) புரத உற்பத்தியை நிறுத்தும் சைக்ளோஹெக்ஸிமைடு 50 மைக்ரோகிராம்/மி.லி. போட்டு 0, 4, 8, 24 மணியில் வெஸ்டர்ன் பிளாட் (ஆன்டிபாடியால் புரத அளவைப் பார்க்கும் சோதனை) எடுக்கிறேன். 4 மணியிலேயே சி-மிக் புரதம் இல்லை. 24 மணியில் செல்கள் மிதக்கின்றன. மருந்து அதிகமா?

பதில் 1: அளவு சரி, நேரம்தான் தப்பு. சி-மிக்கின் அரை ஆயுள் அரைமணி அளவுதான். 0, 15, 30, 60, 90 நிமிடம் எடுங்கள். மருந்து ரைபோசோமின் (புரதம் தயாரிக்கும் அமைப்பு) பெரிய பாதியான 60எஸ் துணையலகில் ஈ-தளத்தில் உட்கார்ந்து ரைபோசோமின் நகர்வை நிறுத்துகிறது; எம்சிஎல்-1 போன்ற குறுகிய ஆயுள் காப்புப் புரதங்களும் தீர்ந்துபோவதால் செல்கள் சாகின்றன. 24 மணி பேண்டை (பிளாட்டில் தெரியும் புரதக் கோட்டை) நம்பவே வேண்டாம்.

பதில் 2: புரத உற்பத்தி நின்றதா என்று பார்க்க, கடைசி 10 நிமிடம் பியூரோமைசின் (புதிதாக உருவாகும் புரதத்தில் ஒட்டிக்கொள்ளும் மருந்து) 10 மைக்ரோகிராம்/மி.லி. கொடுத்து அதன் ஆன்டிபாடியால் பிளாட் செய்யுங்கள். தடை சரியென்றால் ஸ்மியர் (பிளாட்டில் பரவித் தெரியும் கறை) மங்கும். டிஎம்எஸ்ஓ (மருந்தைக் கரைக்கும் திரவம்) மட்டும் கொடுத்த கன்ட்ரோல் கட்டாயம்.

பதில் 3: சைக்ளோஹெக்ஸிமைடுக்கு ஆக்டினோமைசின்-டி மாற்றாகாது. அது படியெடுத்தலைத்தான், அதாவது டிஎன்ஏ-விலிருந்து எம்ஆர்என்ஏ (புரதத்துக்கான செய்தி) உருவாவதைத்தான் தடுக்கும். இருக்கிற எம்ஆர்என்ஏ-விலிருந்து புரதம் வந்துகொண்டே இருக்கும்.