எலிக்கு ஈபிஓ: அதிக டோஸில் மட்டும் மாடல் கோடு விலகுகிறது, உதவி தேவை

கீழக்கரை மாணவி
லீவுக்கு ஊருக்கு வந்தும் இந்த ஃபிட் (தரவோடு மாடல் கோட்டைப் பொருத்தும் வேலை) என்னை விடமாட்டேன் என்கிறது. எலிகளுக்கு மனித எரித்ரோபொய்டினை (ஈபிஓ, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் ஹார்மோன்) நரம்பு ஊசியாகப் போட்ட தரவு. கிலோவுக்கு 100, 1000, 4000 யூனிட் என மூன்று டோஸ். இரண்டு அறை மாடல் (ரத்தம் ஓர் அறை, திசுக்கள் இன்னொன்று), நேர்கோட்டுக் கிளியரன்ஸ் (மருந்து எவ்வளவு இருக்கிறதோ அதே விகிதத்தில் வெளியேறும் என்ற கணக்கு). 100-க்குப் பொருத்தினால் 4000-இன் புள்ளிகள் கோட்டுக்கு மேலே மிதக்கின்றன. 4000-க்குப் பொருத்தினால் 100-இல் மருந்து கோட்டைவிட வேகமாகக் காணாமல் போகிறது. ரெட்டிகுலோசைட்டும் (இளம் சிவப்பணு) ஏறி இறங்கும்போது பழைய அளவுக்குக் கீழே போய்விடுகிறது. ஆய்வகத்தில் கேட்டால் ‘அவுட்லயர் (ஒதுங்கி நிற்கும் புள்ளி), தூக்கிப் போடு’ என்கிறார்கள். அத்தனை எலியுமா அவுட்லயர்?

மண்டபம் அண்ணன்
தூக்கிப் போடாதே தங்கச்சி, தரவு சரியாகத்தான் பேசுகிறது. ஈபிஓ ஒட்டி வேலை செய்கிற ஏற்பியே (செல்லின் மேலுள்ள புரதம்) அதை விழுங்கவும் செய்கிறது. எலும்பு மஜ்ஜையில் உள்ள, சிவப்பணுவாக மாறப்போகும் முன்னோடிச் செல்கள் ஹார்மோனைப் பிடித்து, உள்ளே இழுத்துச் சிதைத்துவிடும். ஆனால் ஏற்பிகளுக்கு ஓர் அளவு உண்டு. பாம்பனில் வஞ்சிரம் கொஞ்சம் வந்தால் கரையிலேயே தீர்ந்துவிடும். குவிந்தால் வாங்க ஆளில்லாமல் ஐஸில் கிடக்கும். அதே கதைதான். மஜ்ஜையை அழித்த ஆடுகளில் கிளியரன்ஸ் குறைந்ததைக் காட்டியிருக்கிறார்கள்.

நேர்கோட்டுப் பாதையோடு ஒரு மைக்கேலிஸ்-மென்டன் பாதையும் (அளவு கூடக்கூட வேகம் ஓர் உச்சத்தில் நின்றுவிடும் பாதை) சேர். மூன்று டோஸையும் சேர்த்தே பொருத்து. 4000-இல் ஏற்பிகள் நிரம்பியிருக்கும்போது விமேக்ஸ்தான் (அந்த உச்ச வேகம்) தெரியும். கேஎம்முக்கு (உச்சத்தில் பாதி வேகம் வரும் மருந்து அடர்த்தி) 100-இன் வால் பகுதிதான் கை கொடுக்கும். அப்புறம், பேஸ்லைனை (ஊசிக்கு முன்பே இருந்த ஈபிஓ அளவை) கழித்துவிட்டாயா?

கீழக்கரை மாணவி
ஆமாம் அண்ணே, எல்லா அளவிலிருந்தும். கூடாதா?

மண்டபம் அண்ணன்
நேர்கோட்டு மாடலுக்குப் பரவாயில்லை. இங்கே எலியின் சொந்த ஈபிஓவும் அதே ஏற்பிக்குத்தான் போட்டி போடுகிறது. ஈபிஓவை அளக்கும் உன் கிட் அதையும் சேர்த்து அளக்கிறதென்றால் கழிக்காதே. நிலையான உற்பத்தி வேகமாக மாடலுக்குள்ளேயே வை.

தொண்டி கால்நடை டாக்டர்
ரெட்டிகுலோசைட் பள்ளத்துக்கு வருகிறேன். ஊசி முன்னோடிச் செல்களை அவசரமாக முதிர வைக்கிறது, அடுத்து வர வேண்டிய வரிசை காலியாகிறது. ஹீமோகுளோபின் ஏறியதும் ஆக்சிஜன் போதுமென்று சிறுநீரகமும் சொந்த உற்பத்தியைக் குறைக்கும். முன்னோடி அறையும் பின்னூட்டமும் இல்லாத மாடலில் இந்தப் பள்ளம் வராது.

நிரலில் சிவப்பணு ஆயுள் 120 நாள் என்றிருந்தால் மாற்றுங்கள், அது மனிதக் கணக்கு. எலிக்கு சுமார் 60.

ரத்தம் எவ்வளவு எடுத்தார்கள்? 250 கிராம் எலிக்கு மொத்தமே 16 மில்லி சொச்சம்தான். நம்மூர் வெள்ளாட்டில் ஒரு சிரிஞ்ச் எடுத்தால் அதற்குத் தெரியக்கூடத் தெரியாது. எலியிடம் தினமும் எடுத்தால் நாமே சோகை உண்டாக்கி, அதை மருந்தின் விளைவாகப் படித்துக்கொண்டிருப்போம். ஊசி போடாத எலிகளிலும் அதே அளவு எடுத்தார்களா என்று பாருங்கள்.

கீழக்கரை மாணவி
எடுத்திருக்கிறார்கள் காக்கா. அவற்றிலும் ஹீமோகுளோபின் இறங்கி, ரெட்டிகுலோசைட் ஏறியிருக்கிறது! மைக்கேலிஸ் பாதை சேர்த்ததும் 4000 கோட்டில் உட்கார்ந்துவிட்டது. கேஎம்மின் பிழை வரம்பு மட்டும் ரொம்ப அகலம்.

தொண்டி கால்நடை டாக்டர்
அப்போ எடுத்த ரத்தத்தை அந்தந்த நேரத்தில் இழப்பாக எழுதிவிடுங்கள், எல்லாக் குழுவுக்கும்.

மண்டபம் அண்ணன்
கேஎம்முக்கு 100-ஐ விடச் சின்ன டோஸ் ஒன்று வேண்டும். அதை ஆய்வகத்தில் கேள். இருக்கிற தரவை எத்தனை முறை ஓட்டினாலும் அந்த வரம்பு குறுகாது.